பொருந்தாமல் நின்றவை: பெருவான் அளவாய்வுகளும் விண்மீன் நிறமாலைகளின் தானியங்கிப் பகுப்பாய்வும்



இக்கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பை எனக்கு அளித்த அமைப்புக் குழுவினருக்கு நன்றி. எனக்கு முன் இப்பொறுப்பை ஏற்றவர்களில் சிலரிடம் நான் பாடம் கேட்டிருக்கிறேன். முன்வரிசையில் இருப்போரில் பலர் இத்துறையின் நிரல்களைத் தம் கைப்பட எழுதியவர்கள். அவர்கள் முன்னிலையில் பேசக் கிடைத்தது பெருமை. கூடவே கொஞ்சம் படபடப்பும் இருக்கிறது. ஆகவே எல்லோரும் அறிந்ததை விரித்துக் காலத்தைக் கழிக்க மாட்டேன். அயனியாக்கச் சமன்பாட்டை 1920இல் மேகநாத் சாகா வகுத்ததையும், அதைக் கொண்டு விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று 1925இல் செசிலியா பெய்ன் கண்டதையும், அம்முடிவு மெய்யாக இருக்க முடியாது என்று அவரையே எழுதச் செய்த சூழலையும், நான்கு ஆண்டுகளில் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதே முடிவுக்கு வந்ததையும் இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

நமக்குத் தரப்பட்ட தலைப்பு, பெரிய வான் அளவாய்வுகளிலிருந்து வரும் நிறமாலைகளின் தானியங்கிப் பகுப்பாய்வு. அதன் இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் 1.2 மீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு 2003இல் தொடங்கிய ரேவ் அளவாய்வு, பத்தாண்டுகளில் நாலரை இலட்சம் விண்மீன்களைப் பதிவு செய்தது. சீனாவின் லாமோஸ்ட் 4,000 ஒளியிழைகளை ஒரே நேரத்தில் வானத்தின்மேல் நிறுத்துகிறது. அதன் நிறமாலைகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அகச்சிவப்பில் 22,500 பிரிதிறனோடு அப்போஜி, கண்ணுறு ஒளியில் 28,000 பிரிதிறனோடு காலா ஆகிய இரண்டும் வேதியியல் செறிவுகளைத் தனிமம் தனிமமாகத் தருகின்றன. 2022 ஜூனில் வெளிவந்த கையாவின் மூன்றாம் வெளியீட்டில் 56 இலட்சம் விண்மீன்களுக்கு நிறமாலை வழி அளபுருக்கள் வந்தன; அதே வெளியீட்டிலுள்ள 22 கோடி குறைபிரிதிறன் நிறமாலைகளிலிருந்து 17.5 கோடி விண்மீன்களுக்கு உலோகச் செறிவைக் கணித்து 2023இல் ஒரு குழு வெளியிட்டது. வீவ், ஃபோர்மோஸ்ட் ஆகிய அளவாய்வுகளின் தரவுப் பெருக்கு இனி வரும். இவற்றையெல்லாம் இந்த அமர்வுகளில் உரியவர்களே விரிவாகப் பேசவிருக்கிறார்கள்.

எனக்குத் தரப்பட்ட நேரத்தை நான் வேறொன்றுக்குச் செலவிட விரும்புகிறேன். நம் எண்ணிக்கை வளர்ந்த வேகத்தில் ஒரு கேள்வி பின்தங்கிப் போயிற்று: நம் மாதிரிகளோடு பொருந்தாத நிறமாலையை நாம் என்ன செய்கிறோம்? இக்கேள்வியின் வரலாறு ஒரு பழைய நூலில் இருக்கிறது. இத்துறையில் அதன் பெயரைச் சொல்வோர் உண்டு. புரட்டிப் படித்தோர் குறைவு. ஹார்வர்டு வானியல் நிலைய ஆண்டேட்டின் 28ஆம் தொகுதியில் 1897இல் அன்டோனியா மோரி வெளியிட்ட ஒளிமிகு விண்மீன்களின் நிறமாலை ஆய்வே அது.

அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். ஹார்வர்டு நிலையத்தில் எட்வர்டு பிக்கரிங்கின் திட்டம் முழுதும் வேகத்தையும் எண்ணிக்கையையும் நம்பியது. தொலைநோக்கியின் முகப்பில் முப்பட்டகத்தை வைத்தால் ஒரே கண்ணாடித் தட்டில் நூற்றுக்கணக்கான விண்மீன்களின் நிறமாலைகள் பதியும். அந்த வழியில் வில்லியமினா ஃபிளெமிங் 1890இல் 10,351 விண்மீன்களை எழுத்து வரிசையில் வகைப்படுத்தினார். பின்னர் ஆனி ஜம்ப் கேனன் அந்த வரிசையைத் திருத்தி, ஹென்றி டிரேப்பர் அட்டவணையில் 2,25,300 விண்மீன்களை வகைப்படுத்தினார். உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு மூன்று விண்மீன்கள் என்பது அவர் கைப்பழக்கம். அந்நாளின் பெருவான் நிறமாலை அளவாய்வு அதுதான். அதன் பகுப்பாய்வுக் கருவி ஒரு பெண்ணின் கண்.

மோரிக்குக் கிடைத்தவை வட வானின் ஒளிமிகு விண்மீன்கள், கூடுதல் விரிவோடு பதிந்த தட்டுகள். 681 விண்மீன்களுக்கு ஏறத்தாழ 4,800 தட்டுகளை அவர் பார்த்தார். வெப்ப வரிசையில் 22 தொகுதிகள் வகுத்தார். அது போதவில்லை. ஒரே தொகுதிக்குள் வரிகளின் அகலம் வேறுபட்டது: சிலவற்றில் இயல்பாக, சிலவற்றில் மங்கி அகன்று, சிலவற்றில் மிக மெல்லியதாகவும் கூர்மையாகவும். அவற்றை முறையே ஏ, பி, சி என்று பிரித்தார். சி பிரிவில் ஹைட்ரஜன் வரிகள் மெலிந்தும், சில உலோக வரிகள் எதிர்பார்த்ததைவிட வலுத்தும் இருந்தன. காரணம் அவருக்குத் தெரியாது. அன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் வேறுபாடு உண்மையானது என்று அவர் உறுதியாக இருந்தார். அட்டவணையில் இடமில்லாத ஒரு பண்பை அச்சேற்றினார்.

பிக்கரிங்கின் திட்டத்துக்கு இது சுமை. பொது அட்டவணையிலிருந்து சி குறி விடப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் டென்மார்க்கின் ஹெர்ட்ஸ்பிரங், மோரியின் பட்டியலை இயல் அசைவுத் தரவுகளோடு ஒப்பிட்டார். சி விண்மீன்கள் வானில் அசைவதே அரிதாக இருந்தது. அசைவு குறைந்தால் தொலைவு மிகுதி; தொலைவில் இருந்தும் ஒளி மிகுந்து தெரிந்தால் அவை உள்ளபடியே பேரொளி கொண்டவை. இன்று நாம் மீப்பெரும் விண்மீன்கள் என்பவை அவற்றுள் அடக்கம். 1908இல் அவர் பிக்கரிங்குக்கு எழுதிய கடிதத்தில், சி பண்பை விட்டுவிட்டு வகைப்படுத்துவது, திமிங்கலத்துக்கும் மீனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிந்த விலங்கியலாளர் மறுபடியும் இரண்டையும் ஒரே இனத்தில் வைப்பதற்கு ஒப்பானது என்ற பொருளில் வாதிட்டார். முகப்பு முப்பட்டகத் தட்டுகளில் அத்தனை நுணுக்கத்தை நம்ப முடியுமா என்பது பிக்கரிங்கின் ஐயம். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1922இல் ஹார்வர்டு முறையை ஏற்றபோதுதான் சி எழுத்து முன்னொட்டாகத் திரும்பி வந்தது. மோர்கன், கீனன், கெல்மன் மூவரும் 1943இல் ஒளிர்வு வகைகளை முறைப்படுத்தினார்கள். மோரிக்கு அமெரிக்க வானியல் கழகத்தின் பரிசு கிடைத்ததும் அதே 1943இல்தான். அப்பரிசு கேனனின் பெயரால் அமைந்தது.

இந்த வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் மோரிக்கு இழைக்கப்பட்ட அநீதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது உண்மைதான். என் கவனமோ முறையியலின்மேல். பிக்கரிங் சொன்ன காரணத்தை இன்றைய மொழியில் வையுங்கள்: குறிகை–இரைச்சல் விகிதம் போதாது, பிரிதிறன் போதாது, கூடுதல் அளபுருவைத் தரவு தாங்காது. இவற்றில் எதுவும் மடத்தனமான வாதம் இல்லை. நாம் நாள்தோறும் சொல்லும் வாதங்கள்தாம். சிறந்த அறிஞர் ஒருவர் நியாயமான காரணங்களோடு விண்மீன் ஒளிர்வின் திறவுகோலை ஒதுக்கிவைத்தார். அந்தத் திறவுகோல் ஏன் அழியவில்லை என்றால், மோரி அதை நூலில் பதித்திருந்தார், தட்டுகள் அலமாரியில் இருந்தன, இன்னொருவர் எடுத்துப் பார்க்க முடிந்தது.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். தானியங்கி வகைப்பாட்டின் வரலாற்றை 2015இல் தொடங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. மெலிசா நெஸ் குழுவினரின் ‘தி கேனன்’ அந்த ஆண்டில் வந்தது. 19 விண்மீன் கொத்துகளைச் சேர்ந்த 542 விண்மீன்களில் பயின்று, வெப்பநிலை, மேற்பரப்பு ஈர்ப்பு, உலோகச் செறிவு ஆகிய மூன்றையும் 55,000 நிறமாலைகளுக்கு மாற்றிக்கொடுத்தது. அழகான பணி. ஆனால் தொடக்கம் அது அன்று. 1994இலேயே புனேயிலிருந்து குலாட்டி, ரஞ்சன் குப்தா முதலியோர் செயற்கை நரம்பு வலைப்பின்னலால் நிறமாலைகளை வகைப்படுத்தி ‘அஸ்ட்ரோபிசிகல் ஜர்னலில்’ கட்டுரை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஃபான் ஹிப்பல் குழுவினரின் கட்டுரை பிரிட்டனில் வந்தது. 1998இல் சிங், குலாட்டி, குப்தா மூவரும் முதன்மைக்கூறு பகுப்பாய்வை நரம்பு வலைப்பின்னலோடு இணைத்துக் காட்டினார்கள். 2004இல் வெளிவந்த இந்திய–அமெரிக்க நிறமாலைத் தொகுப்பு, கிட் பீக்கின் 0.9 மீட்டர் தொலைநோக்கியால் பதிந்த 1,273 விண்மீன்களை உலகுக்குத் தந்தது. அத்தொகுப்பைப் பயன்படுத்திவிட்டு, அதை உருவாக்கியவர்கள் தொடங்கிய சிந்தனையை அறிமுகப் பத்தியில்கூடச் சுட்டாமல் போகும் கட்டுரைகளை நான் தொடர்ந்து படிக்கிறேன். இந்த அவையில் அமர்ந்திருக்கும் நண்பர்கள் சிலரின் கட்டுரைகளும் அவற்றுள் உண்டு. அடுத்த கட்டுரையில் சரிசெய்வார்கள் என்று நம்புகிறேன்.

உரிமை கோருவதோடு இதை நிறுத்த மாட்டேன். ஃபான் ஹிப்பல் குழுவின் வலைப்பின்னல் யாரிடம் பயின்றது? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நான்சி ஹௌக் தம் கண்ணால் தட்டு தட்டாகப் பார்த்து இட்ட வகைகளே அதற்குப் பாடம். கேனன் வகைப்படுத்திய அதே டிரேப்பர் விண்மீன்களை அவர் மறுபடி பார்த்து 1975 முதல் 1999 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். ஆக, இயந்திரம் கற்றது இயற்கையை நேரே அன்று. ஹௌக் இயற்கையைப் பார்த்த விதத்தை. 542 விண்மீன்களில் பயின்ற நிரலுக்கும் இதே நிலைதான். கையா அளவாய்வின் அளவுகோலாக முதலில் தொகுக்கப்பட்ட அடையாள விண்மீன்கள் முப்பத்துச் சொச்சம். கோண விட்டத்தை நேரடியாக அளந்து, மொத்த ஒளிப்பாய்வைக் கூட்டி, மாதிரிகளை இயன்றவரை சாராமல் அவற்றின் வெப்பநிலை கணிக்கப்பட்டது. கோடிக்கணக்கான விண்மீன்களின் அளவு அந்தச் சிலவற்றின் தோளில் நிற்கிறது. பயிற்சித் தொகுதிக்கு ஆசிரியர் உண்டு, அவருக்கு ஒரு பார்வை உண்டு, அந்தப் பார்வைக்கு எல்லை உண்டு.

முந்தைய கருத்தரங்கு ஒன்றில் நான் மதிக்கும் ஒரு மூத்த நண்பர் என்னிடம் கேட்டார்: உயர்பிரிதிறன் முடிவுகளோடு ஒப்பிட்டால் சிதறல் இவ்வளவு குறைவாக இருக்கிறதே, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? அன்று நேரம் முடிந்துவிட்டது. இன்று விடை சொல்கிறேன்.

நம் விண்மீன் மண்டலத்தின் வட்டில் தனிமங்கள் பெரும்பாலும் கூடியே ஏறி இறங்குகின்றன. ஒரு விண்மீனின் இரும்பும் மக்னீசியமும் தெரிந்தால் மற்ற தனிமங்கள் பலவற்றை ஓரளவு ஊகித்துவிடலாம். ஆகவே ஒரு தனிமத்தின் வரியே தெரியாத நிறமாலையிலிருந்தும் அத்தனிமத்தின் செறிவை ‘அளந்து’ தர ஒரு நிரலால் முடியும். சராசரிச் சிதறல் குறைவாகவே வரும். ஆனால் கூட்டத்தோடு சேராத விண்மீன் ஒன்று வந்தால் என்ன ஆகும்? நிரல் அதற்கும் கூட்டத்தின் செறிவையே கொடுக்கும். நாம் தேடி அலையும் விண்மீனை நிரலே சராசரியாக்கி மறைத்துவிடுகிறது; சிதறல் எண்ணில் அந்தத் தவறு தெரியவே தெரியாது, ஏனெனில் அப்படிப்பட்ட விண்மீன்கள் மிகக் குறைவு. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் வரிகள் உள்ள இடங்களை மட்டும் பார்க்கும்படி நிரலைக் கட்டுப்படுத்த வேண்டிய காரணம் இதுவே. அக்கட்டுப்பாடு எல்லா நிரல்களுக்கும் விதியாக வேண்டும் என்பது என் வாதம்.

இதற்கு நேர்மறையான சான்றும் இருக்கிறது. பரத் குமார், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஈஸ்வர் ரெட்டி ஆகியோரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2020இல், காலா, கையா தரவுகளிலிருந்து, செந்திரள் நிலையிலுள்ள குறைநிறை விண்மீன்களில் லித்தியம் பரவலாக உருவாகிறது என்று காட்டினார்கள். லித்தியத்தை மற்றத் தனிமங்களிலிருந்து ஊகிக்க வழியில்லை. 6708 ஆங்ஸ்ட்ராமில் உள்ள அந்த ஒற்றை வரியைப் பார்த்தே ஆக வேண்டும். அரிய விதிவிலக்கு என்று நாற்பதாண்டுக் காலம் எண்ணப்பட்ட ஒன்று, ஆயிரக்கணக்கான விண்மீன்களைப் பார்த்தபோது ஒரு பொதுக் கட்டமாக உருமாறியது. பெரிய அளவாய்வும் தானியங்கிப் பகுப்பாய்வும் இல்லாமல் அது நடந்திருக்காது. நான் இயந்திரத்துக்கு எதிரி அல்லன். வரியைப் பார்க்கும் இயந்திரத்தை நம்புகிறேன். வரியைப் பாராமல் விடை சொல்லும் இயந்திரத்தை நம்ப மறுக்கிறேன்.

கோட்பாட்டு மாதிரிகளைக் கொண்டு பொருத்துவோர் இதில் தாங்கள் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். 2019இல் வந்த ‘தி பெய்ன்’ போன்ற நிரல்கள் இயற்பியலிலிருந்து தொடங்குவது உண்மை. ஆயினும் மாதிரிக் கட்டத்துக்கு விளிம்பு உண்டு. அதற்கு வெளியே உள்ள விண்மீன் விளிம்பில் போய்க் குவிகிறது. 1961இல் ஆன்டனி பிரிசிபில்ஸ்கி கண்ட எச்.டி. 101065ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பின் வரிகள் வலுவிழந்து, ஹோல்மியம் போன்ற அருமண் தனிமங்களின் வரிகள் நிறமாலையை நிறைத்திருக்கும் விண்மீன் அது. இன்றைய எந்தப் பகுப்பாய்வு நிரலிடம் கொடுத்தாலும் ஒரு வெப்பநிலையும் ஒரு உலோகச் செறிவும் வரும். பொருத்தம் மோசம் என்று எச்சரிக்கைக் குறியும் விழும். பிறகு நம் கட்டுரைகளின் இரண்டாம் பிரிவில் தவறாமல் வரும் வாக்கியம் வரும்: எச்சரிக்கைக் குறி இல்லாத விண்மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த ஒரு வாக்கியத்தில் பிரிசிபில்ஸ்கியின் விண்மீன் வெளியேறிவிடும். பிக்கரிங் சி குறியை நீக்கிய அதே செயலை நாம் ஒரே வரி நிரலால் செய்கிறோம்.

வகைப்பாடு என்பதே பழைய தலைமுறையின் பட்டியலிடும் வேலை என்று சொல்வோருக்கும் ஒரு சொல். மோர்கனின் முறை ஏன் இன்றும் நிற்கிறது? அது கோட்பாட்டின்மேல் கட்டப்படவில்லை. நிறமாலையை நிறமாலையோடு ஒப்பிடும் அடையாள விண்மீன்களின்மேல் கட்டப்பட்டது. வளிமண்டல மாதிரிகள் மாறியபோதெல்லாம் வெப்பநிலை அளவுகள் மாறின. நிறமாலை வகை மாறவில்லை. நம் அளவாய்வுகளில் ஒவ்வொரு வெளியீட்டிலும் அதே விண்மீனின் மேற்பரப்பு ஈர்ப்பு இடம்பெயர்கிறது. அது குறையல்ல, திருத்தம். ஆனால் திருத்தங்களுக்கு அப்பால் நிலைத்து நிற்பது எது? பதிந்த நிறமாலை, பொருத்திய மாதிரி, இரண்டுக்கும் இடையே எஞ்சிய வேறுபாடு.

இங்கேதான் தமிழ்நாட்டு மலைகளின் மரபை அவையில் வைக்க விரும்புகிறேன். வைணு பாப்பு 1957இல் ஓலின் வில்சனோடு வெளியிட்ட முடிவை நீங்கள் அறிவீர்கள். கால்சியத்தின் கே வரிக்கு நடுவே எழும் உமிழ்வின் அகலம், அவ்வுமிழ்வின் வலிமை எப்படி இருந்தாலும், விண்மீனின் ஒளிர்வைச் சொல்லிவிடுகிறது. உட்கவர் வரியின் அடிமடியில் தெரியும் சிறு மேடு அது. உட்கவர் வரிகளை மட்டும் கணிக்கும் எளிய மாதிரியோடு பொருத்தியிருந்தால் அந்த மேடு எச்சமாகவே விழுந்திருக்கும். மோரி பார்த்ததும் வரியின் அகலம், பாப்பு பார்த்ததும் வரியின் அகலம். இருவரும் தம் கால அட்டவணையில் இடமில்லாததை அளந்தார்கள். பாப்பு கொடைக்கானலுக்கு வந்து, பின்னர் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து நிறுவிய மரபு, ஒவ்வொரு விண்மீனையும் தனித்தனியே விசாரிக்கும் மரபு. ஆயிரக்கணக்கில் ஒளியிழை வைத்திருப்போர் அம்மரபைக் காலம் கடந்ததென்று எண்ணலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எச்சரிக்கைக் குறி விழுந்த விண்மீன்களில் ஒளிமிக்கவற்றை விசாரிக்கக் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அதன் எஷெல் நிறமாலைமானியும் தகுந்த கருவிகள். பெரிய அளவாய்வுகள் ஒதுக்கியதை நாம் எடுத்துக்கொள்வோம்.

இவற்றிலிருந்து மூன்று முன்மொழிவுகளை இக்கருத்தரங்கின் முன் வைக்கிறேன்.

ஒன்று: அளபுருப் பட்டியலோடு நிறமாலையும் பொருத்திய மாதிரியும் சேர்ந்தே வெளிவர வேண்டும். அப்போஜி தன் கோப்புகளில் இரண்டையும் சேர்த்துத் தருகிறது. அது நல்ல முன்மாதிரி. கையாவின் மூன்றாம் வெளியீட்டில் அளபுருக்கள் 56 இலட்சம் விண்மீன்களுக்கு, அவற்றுக்கு அடிப்படையான நிறமாலைகளோ ஏறத்தாழ பத்து இலட்சம் விண்மீன்களுக்கு மட்டுமே வெளிவந்தன. மீதமுள்ளவை பிந்திய வெளியீடுகளுக்கு விடப்பட்டதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. ஆயினும் நிறமாலையைப் பாராமல் அளபுருவை மட்டும் நம்பிக் கட்டுரை எழுதும் பழக்கம் அந்த இடைவெளியில் வேரூன்றுகிறது.

இரண்டு: பயிற்சித் தொகுதியில் உள்ள ஒவ்வொரு விண்மீனின் அளபுருவும் யார், எந்த நிறமாலையிலிருந்து, எந்த மாதிரியால் கணித்தது என்பது அட்டவணையாகத் தரப்பட வேண்டும். ஹௌக்கின் பெயரைப் போல அந்தப் பெயர்களும் பதிவில் நிற்கட்டும்.

மூன்று: ஒதுக்கப்பட்ட விண்மீன்கள் தனிப் பட்டியலாக, ஒதுக்கிய காரணத்தோடு, அளவாய்வின் முதன்மை வெளியீடுகளில் ஒன்றாக வர வேண்டும். அதைத் தொகுப்பவருக்கு ஆசிரியர் வரிசையில் உரிய இடம் வேண்டும். இளைய ஆய்வாளர்கள் இந்த வேலைக்கு வராததற்குக் காரணம் ஆர்வமின்மை அன்று. அதற்கு நாம் மதிப்பெண் கொடுப்பதில்லை.

இவை செலவு பிடிக்கும், சேமிப்பகம் பெருகும், வெளியீடு தாமதமாகும் என்று எதிர்ப்பு வரும். வரட்டும். பிக்கரிங்கும் இதே கணக்கைத்தான் போட்டார். மோரியின் சி விண்மீன்கள் 1897இல் அச்சில் இருந்ததால்தான் ஹெர்ட்ஸ்பிரங்குக்குக் கைகொடுத்தன. அவர் தம் ஐயங்களை நீக்கிவிட்டு 22 தொகுதிகளை மட்டும் தூய்மையான பட்டியலாகத் தந்திருந்தால், அட்டவணை இன்னும் அழகாக இருந்திருக்கும். பேரொளி விண்மீன்களின் பிரிவு இன்னும் பல ஆண்டுகள் தள்ளிப் போயிருக்கும். பொருந்தாததைப் பதிவு செய்வது அளவாய்வின் கடமை. அதற்கு விளக்கம் காண்பது வருங்காலத்தின் பணியாக இருக்கலாம்.

முதல் அமர்வில் பேசுவோரிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் நிரல் எத்தனை விண்மீன்களைச் சரியாகக் கணித்தது என்பதோடு, எத்தனையை ஒதுக்கியது, அவற்றுள் எத்தனையை ஒரு மனிதர் திறந்து பார்த்தார் என்பதையும் இந்த அவைக்குச் சொல்லுங்கள். அந்த எண்களிலிருந்து நம் விவாதம் தொடங்கட்டும். இத்துடன் இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.